கூடாரத்தை எங்கே அடிப்பது?

ஐதராபாத் குழந்தைகள் கடலுக்குப் போகும் சாலை

சங்கராந்திக்கு இரண்டு நாள் முன்னால் ஐதராபாத்காரர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் பந்தங்கி டோல்கேட்டுக்குத்தான் போக வேண்டும். விஜயவாடா சாலையில், சௌட்டுப்பல் பக்கத்தில் இருக்கும் சுங்கச்சாவடி அது. கோதாவரிக் கரையில் சேவல் சண்டை பார்க்கப் போகிறவர்கள், மாமனார் வீட்டு விருந்துக்குப் போகும் புது மாப்பிள்ளைகள், பரணில் பெட்டி கட்டிய தனியார் பஸ்கள் என்று அன்றைக்கு நகரமே அங்கே நிற்கும். நம் ஆட்களும் அந்த வரிசையில் உண்டு. சார்மினார் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காத மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர்த் தமிழர்கள் பொங்கலுக்குச் சென்னைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இந்த வரிசையில் சமீப காலமாக ஒரு புது வகை கார் தென்படுகிறது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள், காலடியில் ஐஸ் பெட்டி, டிக்கியில் டெகத்லானில் வாங்கிய கூடாரம், ஐந்து கிலோ சிலிண்டர், மடக்கு நாற்காலிகள். இவர்கள் எந்த மாமனார் வீட்டுக்கும் போகவில்லை. கடற்கரைக்குப் போகிறார்கள், அங்கேயே படுத்துத் தூங்கப் போகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "காசு கொடுத்து மண்ணுல படுக்கணுமா?" என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் திருப்தியான பதில் சொன்னதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பாதிப் பேர் வீட்டில் பதில் ஒன்றுதான்: ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்கள்.

அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வட கடற்கரை. பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை புரூஸ் நெடுஞ்சாலையில் சுமார் 1,700 கிலோமீட்டர். வழியெல்லாம் கரும்புத் தோட்டம். கரும்பு ஏற்றிய குட்டி ரயில்கள் சாலையைக் குறுக்கே கடக்கும். வாழைத் தோட்டங்கள் வரும். டல்லி என்ற ஊரில் 7.9 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிற மழை பூட்ஸ் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1950-ல் அந்த ஊரில் பெய்த மழையின் அளவு அது. ஐதராபாத்தில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு. பூட்ஸுக்குள் படிக்கட்டு உண்டு, பிள்ளைகள் உச்சிக்கு ஏறிக் கையசைக்கலாம். இன்னும் வடக்கே போனால் டெயின்ட்ரீ ஆறு. அங்கே பாலம் கிடையாது, இரும்புக் கயிற்றில் இழுபடும் படகு காரையும் ஆளையும் சேர்த்து அக்கரைக்குக் கொண்டுபோகும். அதற்கப்பால் கேப் டிரிபியூலேஷன். மழைக்காடு நேராகக் கடலில் வந்து இறங்கும் இடம். 1770-ல் கேப்டன் குக்கின் கப்பல் பவளப்பாறையில் மோதியது இந்தப் பக்கத்தில்தான். தன் தொல்லைகள் இங்கேதான் ஆரம்பித்தன என்று அவர் அந்த முனைக்கு அப்படிப் பெயர் வைத்தார். பவளத் திட்டு 1981-லும் மழைக்காடு 1988-லும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

அழகெல்லாம் இருக்கட்டும். குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்கு அங்கே இருக்கும் பெரிய சௌகரியம் வேறு. ஊருக்கு ஊர் கேரவன் பார்க். கூடாரம் அடிக்க எண் போட்ட புல்தரை, பக்கத்தில் குழாய், மின் இணைப்பு, வெந்நீர்க் குளியலறை, பொதுச் சமையலறை. ஊர்ப் பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகும் மின்சாரத் தட்டடுப்பு இலவசம். நம்மவர்கள் அதன்மேல் வாழையிலையையோ ஃபாயிலையோ விரித்து மீன் சுடுவதைப் படமெடுத்து அனுப்பி, இங்கிருப்பவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். தேசியப் பூங்காக்களுக்குள் தங்க வேண்டுமென்றால் ஆளுக்குச் சில டாலர் கட்டி இணையத்தில் பதிவு செய்து, அந்த எண்ணைக் கூடாரத்தில் தொங்கவிட வேண்டும். வேலை முடிந்தது.

ஆபத்தையும் அவர்கள் மறைப்பதில்லை. வடக்கே ஆற்று முகத்துவாரங்களில் உவர்நீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே ஜெர்மன் மொழியிலும் எழுதியிருப்பார்கள். நவம்பரிலிருந்து மே வரை கொடிய சொறி மீன்கள் வரும் காலம். அதற்காகக் கடற்கரைகளில் கம்பம் நட்டு வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் ஊற்ற வேண்டும் என்பது அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். குளிப்பதற்கு சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும்தான் இறங்கலாம்.

இதில் ஒரு விஷயம் அவர்களுக்குத் தானாக அமைந்துவிட்டது. குயின்ஸ்லாந்துப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை ஜூன் கடைசி, ஜூலை முதல். வெப்பமண்டலக் கடற்கரையில் மழையும் புயலும் சொறி மீனும் இல்லாத, இரவில் போர்வை கேட்கும் பருவம் அதுவேதான். பள்ளி நாள்காட்டியும் வானமும் ஒத்துப்போகின்றன.

நம் கதை நேர்மாறு. தெலங்கானாப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி ஜூன் நடுவில் திறக்கின்றன. அந்தக் காலத்தில் கடலோர ஆந்திராவில் கூடாரம் அடித்தால் உள்ளே இட்லி வேகும். தசரா விடுமுறை நீளமானதுதான், ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலின் புயல் காலம். 1977 நவம்பர் 19-ல் திவிசீமாவை வாரிக்கொண்டு போன புயலை அந்தக் கரையில் இன்னும் யாரும் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தில் ஹுத்ஹுத். 2023 டிசம்பர் 5-ல் மிக்ஜாம், சென்னையை மிதக்கவிட்டுப் பாபட்லா அருகேதான் கரை கடந்தது. ஆக மிச்சமிருப்பது சங்கராந்திக்கு விடும் அந்தச் சில நாள் மட்டுமே. மழை ஓய்ந்திருக்கும், இரவு குளிரும், வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும், ஆமைகள் கரையேறத் தொடங்கியிருக்கும். ஒரு கஷ்டம்: ஊரில் அத்தனை பேருக்கும் விடுமுறை அதே நாளில்தான்.

முதலில் அனந்தகிரி

எடுத்த எடுப்பில் கடலுக்குப் போகாதீர்கள் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்லும் முதல் புத்திமதி. நடுராத்திரியில் "வீட்டுக்குப் போலாம்பா" என்று அழுகிற குழந்தையோடு முந்நூறு கிலோமீட்டர் திரும்பி ஓட்ட முடியாது. ஒத்திகைக்கு விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலை சரியான இடம். நகரத்திலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். வாடகைக்கு இடம் தரும் தனியார் தோட்டங்கள் சுற்றுவட்டாரத்தில் நிறைய. ஜனவரி இரவில் நன்றாகவே குளிரும்.

அனந்தகிரியைச் சிபாரிசு செய்ய எனக்கு வேறு காரணமும் இருக்கிறது. மூசி ஆறு பிறப்பது அங்கேதான். ஐதராபாத் குழந்தைக்கு மூசி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் பாலம். அதே ஆறு காட்டுக்குள் கணுக்கால் அளவு ஓடையாக ஓடுவதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டால் பிள்ளை கேட்கும் கேள்வியே மாறிவிடும். "இது எங்கே போகும்?" பயணத்துக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. 1908 செப்டம்பர் 28-ல் இந்த ஆறு பொங்கி நகரத்தின் பாதியை அடித்துக்கொண்டு போனதையும், அஃப்சல்கஞ்சில் இப்போதைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம் தன்மேல் ஏறியவர்களைக் காப்பாற்றியதையும், அந்த மரம் இன்னும் நிற்பதையும் போகும் வழியில் சொல்லலாம். விசுவேசுவரய்யாவை அழைத்து யோசனை கேட்டு, பிறகு கட்டிய ஏரிகள்தான் உஸ்மான்சாகரும் ஹிமாயத்சாகரும்.

அந்த மலைப் பக்கம் இப்போது வேறொரு பேச்சும் அடிபடுகிறது. தாமகுண்டம் காட்டில் சுமார் 2,900 ஏக்கரில் கடற்படையின் வானொலி நிலையம் வருகிறது. 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்படையா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுவதற்கான மிகத் தாழ்ந்த அதிர்வெண் நிலையம் அது. இதற்கு முந்தியது நம் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். நாட்டுக்குத் தேவைதான். ஆனால் மூசியின் தலைமாட்டில் மரம் வெட்ட வேண்டுமா என்று கேட்ட உள்ளூர்க்காரர்களின் கேள்வியும் நியாயமானதே.

ஆற்றின் பின்னாலேயே

அடுத்தது நிஜப் பயணம். விஜயவாடா நெடுஞ்சாலையிலேயே போகலாம். குழந்தைகள் இருந்தால் நார்க்கட்பள்ளியில் வலது பக்கம் பிரியும் அத்தங்கி சாலை மேல். பண்டிகை நெரிசலில் முக்கால்வாசி நேராகப் போய்விடும். நல்கொண்டா, மிரியாலகூடா என்று போகும் பாதை. அரிசி ஆலைகளின் உமிப் புகை வாசனை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும்.

காருக்குள் பொழுது போக வேண்டுமே. போனைக் கொடுத்துவிட்டால் அதோடு சரி, பிள்ளைகள் வெளியே பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் நம்பர் பிளேட் விளையாட்டு. தெலங்கானா வண்டிகளுக்கு 2014-ல் ஏ.பி. போய் டி.எஸ். வந்தது, 2024 மார்ச்சில் டி.எஸ். போய் டி.ஜி. வந்தது. இந்தச் சாலையில் மூன்றும் ஓடுகின்றன. ஏ.பி.க்கு ஒரு மதிப்பெண், டி.ஜி.க்கு இரண்டு, டி.எஸ்.ஸுக்கு மூன்று, டி.என். கண்ணில் பட்டால் பத்து. மாநிலம் பிரிந்த கதையை இதைவிடச் சுலபமாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தராது.

வாடபள்ளியில் கட்டாயம் நிறுத்த வேண்டும். அனந்தகிரியில் கையில் அள்ளிய மூசி கிருஷ்ணாவோடு சேரும் இடம் இது. கூடல் துறையில் மீனாட்சி அகஸ்தீஸ்வரர் கோயில். மதுரை மீனாட்சியும் பொதிகை அகத்தியரும் நல்கொண்டா மாவட்டத்தில் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் எந்தத் தமிழ்ப் பாட்டியும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்பார். படித்துறையில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் பாலம் ஏறினால் அக்கரை ஆந்திரம்.

பிடுகுராள்ளாவில் சுண்ணாம்புச் சூளைகள், நரசராவுபேட்டை தாண்டினால் மிளகாய்க் காடு, சிலகலூரிபேட்டை, அப்புறம் சீராலா. மண் சிவப்பிலிருந்து கறுப்பாகி, கறுப்பிலிருந்து வெள்ளை மணலாகும். முந்திரியும் சவுக்கும் தெரிய ஆரம்பித்தால் கடல் பக்கத்தில் இருக்கிறது.

சீராலாவைச் சேலைக்காக மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். கூடாரப் பயணம் என்று நாம் பேசுவதையெல்லாம் இந்த ஊர் 1921-லேயே செய்து காட்டியது, ஆனால் உல்லாசத்துக்காக அல்ல. சீராலாவையும் பேராலாவையும் சேர்த்து நகராட்சியாக்கி ஆங்கில அரசு வரியை ஏற்றியது. துக்கிராள கோபாலகிருஷ்ணய்யா தலைமையில் ஜனங்கள் வரி கட்ட மறுத்தார்கள். காந்தி வந்தார். நகராட்சி எல்லையைவிட்டே வெளியேறிவிடலாமே என்று யோசனை சொன்னார். ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லைக்கு வெளியே கொட்டகையும் குடிசையுமாக ராம்நகர் என்ற புது ஊரைப் போட்டு, ஏறக்குறைய பதினோரு மாதம் அங்கேயே இருந்தார்கள். வெயில், மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். அதில் எத்தனையோ குழந்தைகள் இருந்திருப்பார்கள். கொசு கடிக்கிறது என்று முனகும் நம் வாரிசுகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் பலன் கிடைக்கும் என்று நினைத்தேன். "அவங்களுக்கு ஸ்கூல் இருந்துச்சா?" என்பதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி.

மணலில் முளை நிற்காது

பாபட்லாவிலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டரில் சூர்யலங்கா. ஐதராபாத்துக்குக் கைக்கெட்டும் கடல் என்று எல்லோரும் கிளம்பி வருவது இங்கேதான். ஆந்திர சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா விடுதி இருக்கிறது. பக்கத்திலேயே விமானப்படை நிலையம், அந்தப் பக்கம் போகக் கூடாது. வார இறுதிகளில் கூட்டம் அம்மும். கரையோரமாகத் தள்ளிப்போனால் மீனவர் குப்பங்கள், சவுக்குத் தோப்புகள்.

கூடாரம் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். யூடியூபில் பார்த்ததெல்லாம் மலைப் பிரதேசப் பாடம், கடற்கரையில் உதவாது. பெட்டியில் வரும் கம்பி முளைகள் மணலில் வெண்ணெயில் குத்திய ஊசிதான். முதல் காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வரும். உரச் சாக்கையோ பழைய தலையணை உறையையோ எடுத்து, மணல் நிரப்பி, கழுத்தில் கூடாரக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு. குழி தோண்டும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு அவர்களைப் பற்றிய கவலை இல்லை. வாசல் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் காலையில் காதுக்குள்ளும் உப்புமாவுக்குள்ளும் மணல்.

இடம் தேர்வு இன்னும் முக்கியம். கரையில் பாசி, ஓலை, பிளாஸ்டிக் மூடிகள் என்று கடல் ஒதுக்கிய குப்பை வரிசையாகக் கிடக்கும். நேற்றைய அலை அதுவரை வந்தது என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள் என்றால் நீர் இன்னும் மேலே வரும். அதற்கும் நன்றாக மேலே, ஆனால் தென்னை மரத்தடியில் அல்லாமல் அடிக்க வேண்டும். அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்குள் எரியக் கூடாது, மழை தூறினாலும் சரி. இரவு முழுக்க நண்டுகள் துணியைச் சுரண்டும். பிள்ளைகள் பயப்படுவார்கள், டார்ச் அடித்துக் காட்டிவிட்டால் அடுத்த ராத்திரி அதற்காகவே விழித்திருப்பார்கள்.

கடலில் இறங்குவது பற்றி நான் கண்டிப்பான ஆள். ஆந்திரக் கரையில் ஒவ்வொரு வருஷமும் ஐதராபாத்திலிருந்து வந்த பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி வருகிறது. ஹுசைன்சாகரையும் நீச்சல் குளத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலை புரியாது. எங்கள் பிள்ளைகள் இறங்கத் துடித்தபோது, வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கூப்பிட்டார். "பங்காரம், இங்க வா" என்று தெலுங்கில் என் மகளை அழைத்துக் கையை நீட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைகிறது, நடுவில் மட்டும் உடையாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாக ஒரு சந்து. "அமைதியா இருக்கேன்னு அங்கதான் எல்லோரும் இறங்குவாங்க. அதுதான் உள்ள இழுக்கும்." கரையில் மோதிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் கொடியும் உயிர்காப்பாளரும் சொல்வதை இங்கே அந்தத் தாத்தா சொன்னார். எல்லாக் கரையிலும் தாத்தா இருக்க மாட்டாரே. முழங்கால் அளவுக்கு மேல் வேண்டாம், பெரியவர் ஒருவர் எப்போதும் குழந்தைக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கட்டும்.

பூநாரையும் ராக்கெட்டும் ஆமையும்

அங்கிருந்து தெற்கே ஓங்கோல், நெல்லூர் வழியாக நெடுஞ்சாலையில் விர்ரென்று வந்துவிடலாம். அந்தப் பகுதியில் காரை நிறுத்த நெல்லூர் மெஸ் சாப்பாட்டைத் தவிரக் காரணம் குறைவு. சாலைக்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாமல் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து சென்னைக்குச் சரக்கு வந்த படகு வழி.

சூலூர்ப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நேலபட்டு. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். குஞ்சு, தாயின் அலகுப் பைக்குள் தலையைக் கழுத்துவரை விட்டு மீனை எடுத்துச் சாப்பிடுவதைக் காட்சிக் கோபுரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம். எங்கள் வீட்டு ஐந்து வயது வாண்டு அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் தனக்கும் அப்படித்தான் ஊட்ட வேண்டும் என்று அறிவித்தது.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு நடக்கும், அத்தனையும் பூநாரை. ஜனவரியில் வழக்கமாகப் பூநாரைத் திருவிழாவும் நடத்துகிறார்கள். திருவிழாக் கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை போவது உத்தமம். ராக்கெட் ஏவும் நாள் பயணத்தோடு ஒத்துவந்தால் யோகம்தான். 2019-ல் திறந்த பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்க்க இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். சரணாலயம் என்பதால் நேலபட்டிலும் ஏரிக்கரையிலும் கூடாரத்துக்கு இடமில்லை. அன்றைக்கு லாட்ஜ்தான்.

அங்கிருந்து சென்னை இரண்டு மணி நேரம். தாத்தா பாட்டி வீட்டுப் பொங்கலோடு பயணத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ராத்திரி மிச்சம் வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலத்தில், வெள்ளி, சனி இரவுகளில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பொதுமக்களையும் அழைத்துக்கொண்டு நடக்கிறார்கள். 1988-லிருந்து, கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் காரியம் இது. மணலில் ஆமையின் தடத்தைப் பிடித்து, முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். விடியும்வரை நடை. சிறு பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆஸ்திரேலியாவில் பன்டபெர்க் பக்கம் மான் ரெப்போ கடற்கரையில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அதே காட்சி இங்கே கிடைக்கிறது. இறந்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்தவை. பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

முதலையும் வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-லிருந்து இருக்கும் முதலைப் பண்ணை. குயின்ஸ்லாந்துப் பலகைகள் எச்சரிக்கும் அதே உவர்நீர் முதலையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பத்திரமாகப் பார்க்கலாம்.

தடியோடு வந்த காவலர்

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமக்கு என்ன குறை? கடல் இருக்கிறது, சாலை அவர்களுடையதைவிட மோசமில்லை, தூரம் பாதிகூட இல்லை. மழைக்காடு கிடையாது, பவளப்பாறை கிடையாது, வாஸ்தவம். ஏழு வயதுக் குழந்தைக்கு அதெல்லாம் கணக்கில்லை, மணலும் நண்டும் டார்ச்சும் போதும்.

குறை வேறிடத்தில். ஒரு கடற்கரையில் நாங்கள் கூடாரம் அடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு காவலர் ஒருவர் தடியோடு வந்தார். தகாத ஆள் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். இங்கே தங்கக் கூடாது என்றார். எங்கே தங்கலாம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தங்கலாம் என்று எழுதிய இடம் ஒன்று இருந்தால்தானே அவர் கை காட்ட முடியும்? தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு, லாட்ஜ் தேடிப் போனோம்.

இன்னொன்று கழிப்பறை. ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இது வராது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதல் கேள்வியே இதுதான். பெண் குழந்தையையும் வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனால், அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் பயணம் நடக்கும். கூடாரம் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், சுத்தமான கழிப்பறை இல்லாமல் முடியாது. ஆளுக்குப் பல ஆயிரம் வாங்கிக்கொண்டு, ஏசி வைத்த கூடாரத்தில் படுக்க வைக்கும் சொகுசு முகாம்கள் பல இடங்களில் முளைத்திருக்கின்றன. அது ஓட்டல், துணியில் கட்டிய ஓட்டல். அதில் குழந்தைக்குக் குழி தோண்டும் வேலை கிடைக்காது.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. 2019-ம் வருடத்திய கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது பத்து மீட்டர் தள்ளி, தற்காலிகக் குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர் வசதி ஆகியவற்றை அனுமதிக்கிறது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்து, வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. அது வண்டி வைத்திருப்பவர்களுக்கானது. துணிக் கூடாரத்தோடு வரும் சாதாரணக் குடும்பத்துக்கு அதைவிடக் குறைந்த செலவில் செய்துவிடலாம்.

ஆந்திர, தமிழகச் சுற்றுலாத் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். சூர்யலங்காவிலோ மசூலிப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ, ஆமைகள் முட்டையிடும் மணலை விட்டுத் தள்ளி, ஒரே ஒரு ஏக்கரை ஒதுக்குங்கள். வேலி போடுங்கள். ஆறு கழிப்பறை, நாலு குழாய், வரும் வண்டியின் எண்ணை எழுத ஒரு நோட்டு, பகலில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் குப்பத்து மீனவர்களில் இருவருக்குச் சம்பளம். இரவுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் வாங்குங்கள், சந்தோஷமாகக் கொடுப்போம். அடுத்த சங்கராந்திக்குள் முடித்துவிடக்கூடிய வேலைதான்.